தடைபட்ட உடையும் தலைநிமிர்ந்த நடையும்



வரலாற்றுத் துறைக்காரன் கட்டுரை என்றால் வருஷமும் யுத்தமும்தான் இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. அதனால் இந்த முறை ஒரு துணியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். (யுத்தம் வராது என்று உத்தரவாதம் தர முடியாது. அது எங்கே நம்மை விட்டது!)

ஜனவரி 29-ஆம் தேதி டில்லியில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' நிகழ்ச்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பேக்பைப் வாசித்துக்கொண்டு வரும் நம் ராணுவ வீரர்கள் பலருடைய தோளில் கட்டம் போட்ட கம்பளித் துணி ஒன்று மடித்துப் போடப்பட்டிருக்கும். பின்னால் தொங்கி, நடைக்குத் தகுந்தாற்போல் ஆடும். அதற்குப் பெயர் பிளாட். (சாப்பிடுகிற பிளேட்டும் அல்ல, தாம்பரம் தாண்டி வாங்கிப் போட்ட பிளாட்டும் அல்ல!) அதன் சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் மலைப் பகுதியான ஹைலண்ட்ஸ். அங்கே தோளில் பிளாட்டோடு இடுப்பில் கில்ட்டும் உண்டு. "என்னப்பா, சிப்பாய் பாவாடை கட்டிக்கிட்டு வர்றான்" என்று நம்ம ஊரில் சிரிப்பார்களே, அதேதான்.

அந்தப் 'பாவாடை' 35 வருஷ காலம் சட்டப்படி குற்றமாக இருந்தது. தடை போட்ட அரசாங்கமே அதைத் தன் சிப்பாய்களுக்கு உடுத்தியும் விட்டது. இந்தக் கதை தெரிந்தால்தான், அணிவகுப்பில் கில்ட்டையும் பிளாட்டையும் ஒழுங்காக அணிவதற்கு அவர்கள் ஏன் உயிரை விடுகிறார்கள் என்பது புரியும்.

கொசுவம் வைத்த போர்வை

ஆதியில் கில்ட், பிளாட் என்று ரெண்டு உடை கிடையாது, ஒரே துணிதான். 1594-இல் அயர்லாந்துக்குக் கூலிப்படையாகப் போன ஹெப்ரிடீஸ் தீவு வீரர்களைப் பற்றி ஐரிஷ் நூல் ஒன்று சொல்கிறது: பல வண்ணப் போர்வை போர்த்தி, அந்தப் போர்வைக்கு மேலே இடைவார் கட்டியிருந்தார்களாம். கில்ட்டின் பிறப்புச் சான்றிதழ் என்று இதைத்தான் பலர் காட்டுகிறார்கள்.

அந்தக் காலத்துத் தறியில் அகலத் துணி வராது. எனவே எட்டு, ஒன்பது கெஜம் நெய்து, இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். (நம் வீட்டு மடிசார் நீளம்தான்!) அதைத் தரையில் விரித்து, அடியில் ஒரு தோல் வாரைச் செருகி, துணியைக் கொசுவம் கொசுவமாக மடித்து, அதன் மேல் படுத்து, ரெண்டு ஓரத்தையும் வயிற்றின் மேல் போட்டு வாரை இறுக்கி எழுந்தால் கீழ்ப்பாதி முழங்கால் வரைக்கும் பாவாடையாக நிற்கும். மேல்பாதியை இடது தோளில் தூக்கிச் செருகிக்கொண்டால் வலது கை வேலைக்கும் வாளுக்கும் சும்மா இருக்கும். மழை வந்தால் அதுவே தலைக்கு முக்காடு. ராத்திரி மலையில் தங்க நேர்ந்தால் அதுவே கம்பளி. மாடு மேய்க்கிறவனுக்கும் சண்டைக்குப் போகிறவனுக்கும் இதைவிட வசதியான உடை வேறென்ன வேண்டும்?

பிறகு 18-ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் கீழ்ப்பாதியை மட்டும் தனியே அணியும் 'சின்ன கில்ட்' பரவியது. இதை உண்டாக்கியவர் இன்வர்கேரியில் இரும்பு உலை வைத்திருந்த தாமஸ் ராலின்சன் என்ற இங்கிலாந்துக்காரர் என்று 1785-இல் வெளியான ஒரு கடிதம் சொல்கிறது. ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்ற சரித்திரப் பேராசிரியர் 1983-இல் இதையே பெரிதாக எழுதி ஸ்காட்லாந்துக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அதற்கும் முன்பே சின்ன கில்ட் இருந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. யார் வெட்டினாலும் சரி, அதன் பிறகு பிளாட் வேறு, கில்ட் வேறு ஆயிற்று.

துணிக்கு வந்த தண்டனை

1745-இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், பறிபோன சிம்மாசனத்தை மீட்க ஹைலண்ட்ஸில் படை திரட்டினார். 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி கல்லோடன் வெளியில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோற்ற பக்கத்தில் இருந்த லோவட் பிரபு சைமன் ஃபிரேசருக்கு, 80 வயதுக் கிழவருக்கு, 1747-இல் லண்டனில் தலை போயிற்று.

தலைகளோடு நிறுத்தியிருந்தால் இது இன்னொரு கலகத்தின் கதை, அவ்வளவுதான். பாராளுமன்றம் துணியின் மீதும் கை வைத்தது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆண்களோ சிறுவர்களோ கில்ட், பிளாட் அணியக் கூடாது; டார்ட்டன் என்னும் கட்டம் போட்ட துணியில் மேல்கோட்டு கூடத் தைக்கக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் ஜெயில். மறுபடி பிடிபட்டால் 7 வருஷம் கடல் கடந்து நாடுகடத்தல். ஒரு ஜனத்தின் முதுகெலும்பை முறிக்க வேண்டுமானால் அவன் வாளைப் பிடுங்கினால் போதாது, வேட்டியையும் உருவ வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. மன்னரின் ராணுவத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இந்தத் தடை கிடையாது! உன் அப்பனும் பாட்டனும் உடுத்தியதை நீ உடுத்த வேண்டுமா? வா, அப்பனைத் தோற்கடித்த படையில் சேர். இதுதான் பேரம்.

அணிவகுப்பு மைதானத்தில் பிழைத்த உடை

ஹைலண்டர்களைக் கொண்டு ரெஜிமென்ட் அமைப்பது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1725 முதல் மலைப் பகுதியைக் காவல் காத்த தனிக் கம்பெனிகளைச் சேர்த்து 1739-இல் ஒரு ரெஜிமென்ட் ஆக்கினார்கள். கருநீலமும் கரும்பச்சையும் கலந்த டார்ட்டன் உடுத்திய அந்தப் படைதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிளாக் வாட்ச்.

அவர்களுடைய ஆரம்பமே ஓர் அணிவகுப்பு மோசடியில்தான். 1743-இல் "ராஜா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்" என்று சொல்லி அவர்களை லண்டனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தால் ராஜா இல்லை. அவர் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். வேறொரு தளபதி முன்னால் அணிவகுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி வேறு. (அந்தத் தீவுகளுக்குப் போவது என்றால் அப்போது காய்ச்சலில் சாகப் போவது என்று அர்த்தம்.) நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஊரைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். வழியில் சுற்றி வளைத்துப் பிடித்து, மூன்று பேரை லண்டன் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள்.

தலை போன லோவட் பிரபுவின் மகன் பெயரும் சைமன் ஃபிரேசர்தான். அப்பா இறந்து பத்து வருஷம் கழித்து, 1757-இல், அதே அரசாங்கத்துக்காக அவர் ஒரு ஹைலண்ட் ரெஜிமென்ட் திரட்டிக் கொடுத்தார். 1759-இல் கனடாவில் கியூபெக் நகரை ஜெனரல் உல்ஃப் பிடித்தபோது அந்த ஃபிரேசர் படை முன்வரிசையில் நின்றது. இந்த உல்ஃப் யார்? கல்லோடனில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர். ஹைலண்டர்கள் முரட்டு ஆட்கள், விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்ற பொருளில் 1751-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர். இந்தக் கணக்கு தெரியாமலா அந்த வீரர்கள் போனார்கள்? தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வீட்டில் நிலம் இல்லை, கையில் காசு இல்லை, கட்டியிருக்கும் துணிக்கே ஜெயில். பட்டாளத்தில் சோறும் உண்டு, கில்ட்டும் உண்டு.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1777-இல் திரட்டிய 73-ஆவது ஹைலண்டர்ஸ் என்ற ரெஜிமென்ட் 1780-இல் சென்னையில் வந்து இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள், அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் மாட்டிக்கொண்டன. கர்னல் பெய்லியின் படை முழுவதும் அழிந்தது. உயிர் தப்பியவர்கள் 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தார்கள். காஞ்சிபுரத்து மண்ணில் விழுந்த அந்தப் பையன்களின் சொந்த ஊரில், அந்த நாளில், அவர்கள் தம்பிகள் கில்ட் கட்டினால் இன்னும் குற்றம்தான். தடை நீங்கியது 1782-இல். அதற்குள் ஊரில் பலபேர் கால்சட்டைக்குப் பழகிவிட்டார்கள். இடையறாமல் கில்ட் கட்டிய இடம் என்று பார்த்தால் பட்டாளத்து மைதானம் ஒன்றுதான்.

அங்கேயும் நிரந்தரம் இல்லை. 1809-இல் ஒரே உத்தரவில் ஆறு ஹைலண்ட் ரெஜிமென்ட்டுகளின் கில்ட்டைக் கழற்றினார்கள். வெளியூர்ப் பையன்கள் இந்த உடைக்குத் தயங்குவதால் ஆள் சேரவில்லை என்பது காரணம். ஐந்தே ஐந்து ரெஜிமென்ட்டுகள் கில்ட்டோடு தப்பித்தன.

ராஜா கட்டிய கில்ட்

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். ஆளும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்தில் கால் வைத்து 170 வருஷம் ஆகியிருந்தது. வரவேற்பு ஏற்பாடெல்லாம் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் பொறுப்பு. ஊரே டார்ட்டனில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். கில்ட்டை ஜென்மத்தில் தொடாத சமவெளிக் கனவான்கள் எல்லாம் தையற்காரர் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள்.

மன்னருடைய உடுப்புக்கு மட்டும் பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். அவரோ பெருத்த சரீரம். கில்ட் முழங்காலுக்கு நன்றாக மேலே ஏறிவிட்டது. வெறும் கால் தெரியக் கூடாது என்று உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை வேறு! குட்டையாக இருக்கிறதே என்று ஒருவர் முணுமுணுக்க, கொஞ்ச நாள்தானே இங்கே இருக்கப் போகிறார், எவ்வளவு அதிகம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு சீமாட்டி சொன்னதாக இன்றும் அந்த ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏழு வருஷம் கழித்து டேவிட் வில்கி என்ற ஓவியர் இந்தக் கோலத்தைப் படமாக வரையத் தொடங்கினார். தொந்தியைக் குறைத்து, கில்ட்டை இறக்கி, காலுறையை நீக்கி மன்னரைக் காப்பாற்றினார்.

சிரிப்பு ஒரு பக்கம். அதே பத்து வருஷத்துக்குள் சதர்லாண்ட் சீமையில் ஆடு வளர்க்க இடம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான குடியானவர்களை வீட்டிலிருந்து விரட்டி, கூரைக்குத் தீ வைத்திருந்தார்கள். 93-ஆவது ஹைலண்டர்ஸ் ரெஜிமென்ட்டுக்கு ஆள் கொடுத்த சீமை அது. மகன் கில்ட் கட்டிக்கொண்டு மன்னருக்காக வெளிநாட்டில் சண்டை போடுகிறான். அப்பாவும் அம்மாவும் நடுத்தெருவில். உடைக்கு மரியாதை வந்துவிட்டது. உடுத்தியவனுக்கு வரவில்லை.

அளவும் மடிப்பும்

இனி, நன்றாக அணிவது என்றால் என்ன என்று பார்ப்போம். நம் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கஞ்சி போட்ட காக்கி நிக்கரில் ஒரு சுருக்கம் இருந்தால் மைதானத்தை எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்று ஞாபகம் இருக்கும்.

முதலில் உயரம். கில்ட்டின் கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். அளந்து பார்க்க டேப் வேண்டாம். சிப்பாயை நிமிர்ந்த வாக்கில் முழங்காலிட்டு நிற்கச் சொல்வார்கள். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. மடிந்து தரையில் கிடந்தால் நீளம்; தூக்கி நின்றால் குட்டை. ராஜாவுக்கு யாரும் இந்தச் சோதனை வைக்கவில்லை போலிருக்கிறது!

அடுத்தது மடிப்பு. முன்பக்கம் தட்டை, மடிப்பெல்லாம் பின்பக்கம். இடுப்பெலும்புக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். நம் வேட்டி மாதிரி இடுப்பில் தழையவிடக் கூடாது. கட்டம் முழுசாகத் தெரியும்படி மடிப்பது ஒரு முறை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நிற்கும்படி மடிப்பது இன்னொரு முறை. பட்டாளத்தில் பெரும்பாலும் ரெண்டாவது. வரிசையாக நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் அத்தனை பேர் முதுகுக்கும் கீழே ஒரே சீராகக் கோடுகள் தெரியும். கால் எடுத்து வைக்கும்போது மடிப்பு விரிந்து உள்ளிருக்கும் நிறம் மின்னும்; கால் ஊன்றும்போது மூடிக்கொள்ளும். கில்ட்டின் ஆட்டம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். நடை சரியில்லை என்றால் துணி காட்டிக் கொடுத்துவிடும். தோளைக் குலுக்கி நடப்பவனுக்கு மடிப்பு தாறுமாறாக அலையும். இடுப்பிலிருந்து நேராக நடப்பவனுக்கு மணிக்கூண்டுப் பெண்டுலம் போல ஆடும்.

பிளாட்டில் ரெண்டு மூன்று வகை உண்டு. பைப் வாசிப்பவர் அணியும் முழுப் பிளாட் மூன்று கெஜத்துக்கு மேல் நீளம். நீளவாட்டில் மடித்து, வலது அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி வந்து, இடது தோளில் ஏறி, புரோச்சில் நின்று, பின்னால் கெண்டைக்கால் பக்கம் வரை தொங்கும். பைப்பின் பையும் குழல்களும் அதே இடது பக்கம்தான். புரோச் ஓர் அங்குலம் இடம் மாறினாலும் குழல் இடிக்கும். தோளில் தளர்ந்தால் பாதி வழியில் சரியும். இறுக்கினால் மூச்சு போதாது, பைப் அழும். நன்றாகக் கட்டிய பிளாட் இருக்கிற உணர்வே தெரியாமல் இருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். காலுறையின் மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே. முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பை நடுவில் நிற்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தாளம் போடக் கூடாது. கில்ட்டில் குத்தும் ஊசி மேல்மடிப்பில் மட்டும் இருக்க வேண்டும்; ரெண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுத்துக் கிழியும். உட்காரும்போது புறங்கையால் மடிப்பை நீவிவிட்டு உட்கார வேண்டும் (நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவையில் செய்வதுபோல). கழற்றியவுடன் மடிப்பு குலையாமல் நீளவாட்டில் சுருட்டி வைக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் கனமுள்ள கம்பளி அது. ஒரு தடவை மடிப்பு கலைந்தால் நூல் ஓட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? அந்த உடையைப் பார்த்துச் சிரிக்க உலகம் எப்போதும் தயாராக இருந்தது. சிரிப்புக்கு இடம் கொடுக்காமல் இருக்க வழி ஒன்றுதான்: குறை சொல்ல முடியாதபடி அணிவது.

சேற்றிலும் சாவு வீட்டிலும்

முதல் உலகப் போரில் ஹைலண்ட் ரெஜிமென்ட்டுகள் கில்ட்டோடுதான் பதுங்குகுழிக்குப் போயின. மேலே காக்கி நிறத்தில் ஒரு முன்றானை கட்டி மறைத்துக்கொண்டார்கள். சேறு அப்பி, ஈரத்தில் விறைத்த விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அறுத்தது. மடிப்புக்குள் பேன் குடியேறியது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே போர்க்களத்துக்குக் கில்ட் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

ஆனாலும் 1944 ஜூன் 6-ஆம் தேதி, நார்மண்டிக் கடற்கரையில் ஒரே ஒரு கில்ட் இறங்கியது. பில் மில்லின் என்ற 21 வயதுப் பையன், முதல் போரில் அப்பா கட்டியிருந்த கில்ட்டைக் கட்டிக்கொண்டு, குண்டு மழையில் கரையோரம் நடந்தபடி பைப் வாசித்தார். வாசிக்கச் சொன்ன தளபதி யார் தெரியுமா? அதே ஃபிரேசர் குலத்து லோவட் பிரபு.

இன்னொரு காட்சியோடு முடிக்கிறேன். 1963 நவம்பர் 13-ஆம் தேதி பிளாக் வாட்ச் வாத்தியக் குழுவினர் அமெரிக்க வெள்ளை மாளிகைப் புல்வெளியில் குழந்தைகளுக்காக வாசித்தார்கள். ஜனாதிபதி கென்னடி குடும்பத்தோடு மாடத்தில் இருந்து ரசித்தார். ஒன்பதே நாளில் அவரைச் சுட்டுவிட்டார்கள். 25-ஆம் தேதி இறுதி ஊர்வலத்தில் வாசிக்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. வாஷிங்டன் தெருவில், உலகத் தலைவர்கள் நடந்த அந்த ஊர்வலத்தில், பிளாக் வாட்ச் பைப் வாத்தியக்காரர்கள் ஒன்பது பேர் கில்ட்டும் பிளாட்டும் அணிந்து மெதுநடையில் போனார்கள். அன்றைக்கு அந்த உடையைப் பார்த்து ஒருவர் சிரித்திருப்பாரா? 1,354 பவுண்டு செலவழித்த ராஜாவால் வாங்க முடியாத மரியாதையை அந்த ஒன்பது சிப்பாய்கள் வெறும் நடையில் வாங்கினார்கள்.

2006-இல் ஸ்காட்லாந்தின் பழைய காலாட்படை ரெஜிமென்ட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே ரெஜிமென்ட் ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருந்த டார்ட்டன் போய், எல்லாருக்கும் ஒரே கில்ட். அதை எதிர்த்துப் பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு, 'ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்' என்று தோன்றும். துணிக்காக அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஓர் உடையைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம், காசு கொட்டி வேஷமாகவும் போடலாம். ஆனால் அதற்கு மரியாதை வருவது, உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நடக்கிற சாதாரண மனுஷனால்தான். அடுத்த ஜனவரி 29-ஆம் தேதி டி.வி. முன்னால் உட்காரும்போது, அந்தத் தோள் துணியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.